பெரியப்பா கையில் இருந்த பாஸ்

போன வாரம் என் மகள் இங்கிலீஷ் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரே சொல்லை வைத்து ஆறு வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் அவள் டீச்சர். ஆறிலும் அந்தச் சொல் வேறு வேறு வேலை செய்ய வேண்டுமாம். சொல், பாஸ்.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. பரீட்சையில் பாஸ். பந்தை பாஸ் பண்ணு. பஸ் பாஸ். தசராவுக்கு அரண்மனைக்குள் போவதற்கு, தெரிந்தவர்களிடம் கெஞ்சி வாங்குகிற பாஸ். கடலைக்காரர் கூவி விற்கிற டைம்பாஸ். ஐந்து ஆகிவிட்டது. ஆறாவதை நான் சொன்னதும் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யே! இத எப்டிப்பா நோட்ல எழுதுறது? மிஸ் திட்டுவாங்க."

"எழுத வேணாம். கேட்டுக்க மட்டும் செய்" என்றேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், பிள்ளைகளே. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம், ஆனால் மூன்றாம் நாள்தான் சிரித்தோம்.

அப்போது எனக்கு எட்டு வயது. மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் ஒரு சந்துக்குள் ஓர் அறை வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்கு வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. ஒரு நாள் காலையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல்வால் வெடித்துவிட்டது என்று சொல்லி அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள்.

செய்தி கேட்டு எங்கள் ஊர் கௌதள்ளியில் இருந்து பெரியப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்பாவின் அண்ணன். பெரியம்மா காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்ததால் அவர் மட்டும் வந்தார். எங்கள் குடும்பத்தில் அவர் நின்றால் அப்பா உட்கார மாட்டார். அம்மாவோ அவர் இருக்கும் பக்கம் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. "ஆமாங்க மாமா", "இல்லீங்க மாமா" இவ்வளவுதான் அவரிடம் அம்மா பேசிய பேச்சு. பயம் ஒன்றும் கிடையாது. அதுதான் மரியாதை என்று இருந்த காலம்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ஒரே பாஸ். மஞ்சள் அட்டை. அது கையில் இருப்பவர்தான் வார்டுக்குள் போகலாம். வாசலில் வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஒப்பரிகெ ஒந்தே பாஸு" என்று நாள் முழுவதும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார். கன்னடத்தில், ஆளுக்கு ஒரு பாஸ்தான் என்று அர்த்தம். பெரியப்பா வந்ததும் அப்பா அந்த அட்டையை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். பெரியப்பா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அது திரும்பி வரவில்லை.

தம்பி பெண்டாட்டியைத் தனியாக விடக்கூடாது என்று அவர் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனிடம் எப்படிப் பாஸ் கேட்பது? அப்பா கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வாசல் மரத்தடியில் நின்றார். மாத்திரை வாங்க, ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்க என்று ஓடினார். மற்ற நேரமெல்லாம் முதல் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த ஆறாவது பாஸுக்கு வருகிறேன். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் குடல் கொஞ்ச நேரம் தூங்கிப்போய்விடுமாம். அது விழித்துக்கொண்டது என்பதற்கு அடையாளம், காற்றுப் பிரிவது; ஆஸ்பத்திரி பாஷையில் கேஸ் பாஸ். அது நடக்கும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் தர மாட்டார்கள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் டாக்டர் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்: சாயங்காலத்துக்குள் கேஸ் பாஸ் ஆகாவிட்டால் எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும், அடைப்பு இருந்தால் வயிற்றைத் திரும்பத் திறக்க வேண்டும்.

பெரியப்பா இறங்கி வந்து இதைச் சொன்னார். அப்பா மரத்தைப் பிடித்துக்கொண்டார். "திரும்பவுமாங்கண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானம் அப்பா மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம், பெரியப்பா சாப்பிடக் கீழே வந்தார். என்னைப் பார்த்தார். வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லி என்னை மேலே கூட்டிப்போனார்.

"நான் ரெண்டு வாய் சாப்புட்டு ஓடியாந்தர்றேன். அம்மாவப் பாத்துக்க சாமி. தண்ணி கேட்டாலும் குடுத்துராத" என்று என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

அம்மாவின் உதடு வெடித்திருந்தது. கையில் குழாய். என் கையைப் பிடித்து, "சாப்புட்டியா கண்ணு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் போர்வைக்குள் இருந்து சத்தம் வந்தது. சின்னச் சத்தம் என்று சொல்ல முடியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"டேய், சிரிக்க வைக்காதடா. தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! பாஸ் ஆயிடுச்சு!"

"சத்தம் போடாத. காலையில இருந்தே ஆகுது. இது மூணாவது."

"அப்புறம் ஏம்மா சொல்லல? சிஸ்டர் கேட்டாங்கன்னு பெரியப்பா சொன்னாரே."

"அந்தச் சிஸ்டர் மெல்லவா கேக்குது? வார்டு பூரா கேக்குற மாதிரி, 'ஏனம்மா, கேஸ் பாஸ் ஆய்தா'ன்னு கத்துது. மாமா இங்கயே உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி என்னன்னுடா சொல்லுவேன்? நீ போயி சிஸ்டர மட்டும் மெல்லக் கூட்டியா. மாமாகிட்ட சொல்லிராத."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். சிஸ்டர் மேசையில் ஆள் இல்லை. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தேடிவிட்டுத் திரும்பி வந்தால், டாக்டர் கட்டில் அருகே நின்றுகொண்டிருந்தார். சிஸ்டரும் அவர் பக்கத்தில்தான் இருந்தாள். கால்மாட்டில் பெரியப்பா கைகட்டி நின்றார். டாக்டர் படியேறுவதைப் பார்த்துச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கிறார். விரலில் இன்னும் சோறு ஒட்டியிருந்தது.

டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா பெரியப்பா நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"படம் எடுத்துவிடலாம். ஆபரேஷன் தியேட்டருக்கும் சொல்லி வையுங்கள்" என்று டாக்டர் சிஸ்டரிடம் கன்னடத்தில் சொன்னார். பெரியப்பாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் கத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கன்னடம்தான் பேசுவோம். வாயில் வந்ததும் கன்னடம்தான்.

"பாஸ் ஆய்து சார்! மூறு சலா! நானே கேளிதே!"

மூன்று தடவை, நானே கேட்டேன் என்று சொன்னேன். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் தலையைத் தூக்கி, "ஹௌது டாக்டரே, நானூ கேளிதே" என்றார். அவரும் கேட்டாராம்! அவ்வளவுதான், இருபது கட்டிலும் சிரித்தது. தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் அம்மாவின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவர் முகமும் மலர்ந்துவிட்டது. ஒன்றும் இல்லை, குடல் நன்றாக ஓடுகிறது, தண்ணீர் கொடுங்கள், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள் என்றார். அம்மா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். போர்வை குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் பெரியப்பாவைத் தேடினேன். அவர் அங்கே இல்லை.

கீழே ஓடினேன். மரத்தடியில் மருந்துப் பையோடு நின்ற அப்பாவின் கையில் மஞ்சள் அட்டையைப் பெரியப்பா திணித்துக்கொண்டிருந்தார். "இனி நீயே போடா. நான் இருந்தா அவ வாயத் தொறக்க மாட்டா. நான் வரல" என்றார். அப்பாவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நான் சொன்னதும் ஒரே ஓட்டமாக ஓடினார். வாட்ச்மேன் முன்னால் அட்டையை நீட்டக்கூட நிற்கவில்லை.

வீட்டுக்கு அனுப்ப இன்னும் ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் பெரியப்பா ஊருக்குப் போகவில்லை, மாடிக்கும் வரவில்லை. மரத்தடியிலேயே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அப்பா பாஸை நீட்டிக் கூப்பிட்டும் பார்த்தார். "வேண்டாம்" என்றார். டாக்டர் இளநீர் தரலாம் என்று சொன்ன அன்று பெரியப்பாவே போய் வாங்கிவந்தார். அதையும் அப்பாவிடம்தான் கொடுத்தனுப்பினார். எல்லார் முன்னாலும் நான் கத்தியதில் அவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

அப்பா மேலே போய்விட்டு இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிடுவார்.

"உங்கப்பனக் கேட்டுட்டு வா. அம்மா தண்ணி குடிச்சாளான்னு."

நான் கேட்டுவந்து, "குடிச்சாங்க பெரியப்பா" என்பேன். தலையாட்டுவார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கூப்பிடுவார். திரும்பவும் அதே கேள்வி. வயதாகிவிட்டது, பெரியப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.