மந்தி கடையில் சம்பந்தம் பேசினது

நான் கறி சாப்பிடறதில்லை. மீன், முட்டையும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாச்சு.

கொள்கை ஒண்ணும் கிடையாது. மஞ்சக்காமாலை வந்தது. ஆறு மாசம் பத்தியம். தேறினதும் வீட்டில் ஆசையா ஆட்டுக்கறிக் குழம்பு வெச்சாங்க. ஒரு வாய் போட்டேன். வெளியே வந்துடுச்சு. அடுத்த வாரம் மீன். அதுவும் அப்படித்தான். சரின்னு விட்டுட்டேன். பக்ரீத்துக்குக் கறி பங்கு போடறது இப்பவும் நான்தான். பச்சைக் கறி ஒண்ணும் பண்ணாது. வெந்த வாசனைதான் ஆகாது.

எனக்கு சீட் கவர் தைக்கிற வேலை. கார், ஆட்டோ, எது வந்தாலும் தைப்பேன். பட்டறையில என் பேர் சைவ பாய். வெளியே சாப்பிடப் போனாத்தான் தொல்லை. பிரியாணி கடையில எனக்கு ஒண்ணும் இருக்காது. தொப்பியோட சைவ ஓட்டலுக்குப் போனா கல்லாவுல இருக்கறவர் முன்னாடியே சொல்லிடுவார், "பாய், இங்க சுத்த சைவம்." அதுக்குத்தான் வந்தேன்னுட்டு உள்ளே போய் உட்காருவேன்.

ஒருதடவை கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரங்க வர்ற காபி கடைக்கு மெத்தை தெச்சுக் குடுத்தேன். அங்க மாட்டுப்பால் கூட இல்லை. முந்திரியில பால் எடுக்கறாங்க. சாப்பிட்டுப் போங்கன்னாங்க. கறி வேணாம்னேன். எங்ககிட்ட கறியே கிடையாதுன்னாங்க. ஏன்னு யாரும் கேட்கலை. நிம்மதியா சாப்பிட்டேன்.

போன வருஷம் மகளுக்கு ஒரு இடம் வந்தது. அவங்க வீட்டு விருந்துல கறி வேணாம்னேன். ஏன்னு கேட்டாங்க. காமாலைன்னு உள்ளதைச் சொன்னேன். கல்லீரல் நோவு உள்ள குடும்பம்னு பேசிட்டாங்க. அந்த இடம் நின்னு போச்சு. மகள் ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

இந்த வருஷம் விழுப்புரத்துல இருந்து ஒரு இடம். பையனோட அத்தா பெயிண்ட் கடை வெச்சிருக்கார். பையனுக்குச் சேதராப்பட்டுல கம்பெனி வேலை. பொண்ணு பார்த்தாச்சு, ரெண்டு பக்கமும் பிடிச்சாச்சு. தேதி பேசணும், எல்லாரும் மந்தி கடைக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மதியம்.

மந்திங்கிறது அரபு நாட்டுச் சோறு. ஒரே பெரிய தட்டு. சோத்து மேல முழுசு முழுசா கறி. சுத்தி உட்கார்ந்து ஆளாளுக்குக் கை வெச்சுச் சாப்பிடணும். ஒளிய முடியாது.

வீட்டுக்காரி சொன்னா, "காமாலை கதைய எடுக்காதீங்க. சோத்த மட்டும் நாலு வாய் போடுங்க."

மகளும் சொன்னா, "அத்தா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

சரின்னேன்.

தரையில மெத்தை போட்ட அறை. மெத்தையில ஓரத் தையல் பிரிஞ்சிருந்தது. அதையே பார்த்துட்டு உட்கார்ந்தேன். ஆம்பளைங்க மூணு பேருக்கு ஒரு தட்டு. பக்கத்துலயே பொம்பளைங்க மூணு பேருக்கு இன்னொண்ணு. பையனோட அத்தா ஒரு தொடைக் கறிய முழுசா எடுத்து என் பக்கம் வெச்சார். மரியாதைக்கு.

"பிஸ்மில்லா சொல்லுங்க பாய்."

சொன்னேன். கறிய ஒதுக்கிட்டுச் சோத்துல கை வெச்சேன். உருட்டினேன். அந்தச் சோறே கறித் தண்ணியில வெந்தது. கை மேல வரலை. இன்னொரு தடவை உருட்டினேன். வரலை.

நான் சாப்பிடலைன்னதும் பையன் கையை எடுத்துட்டான். அப்புறம் அவன் அத்தா. பொம்பளைங்க பக்கமும் பேச்சு நின்னுடுச்சு. சம்பந்தம் பேச வந்த இடத்துல பொண்ணோட அத்தா சோத்தைத் தொடலைன்னா இடம் பிடிக்கலைன்னுதான் அர்த்தம். எனக்கு அது அப்புறம்தான் உறைச்சது. மகளைப் பார்த்தேன். அவ தட்டையே பார்த்துட்டு இருந்தா.

பையனோட அத்தா குரலை இறக்கினார். "பாய், உங்க காதுக்கு வந்துடுச்சா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. சும்மா இருந்தேன். அவர் ஆமான்னு எடுத்துக்கிட்டார்.

"நாங்களே சொல்லணும்னுதான் பாய் இருந்தோம். இவனுக்கு ஏற்கெனவே ஒரு இடத்துல நிச்சயம் ஆச்சு. தேதியெல்லாம் வெச்சு நின்னு போச்சு. தப்பு எங்க மேல இல்ல. ஆனா மறைச்சது தப்புதான்."

நான் பையனைப் பார்த்தேன். "எதுக்கு நின்னுச்சு?"

"சவுதிக்குப் போகச் சொன்னாங்க மாமா. போகலைன்னேன். வேணாம்னுட்டாங்க."

வீட்டுக்காரி முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டா. அடுத்தது பெருசா பேசப்போறான்னு அர்த்தம். அதுக்குள்ள மகள் வாயைத் திறந்தா.

"எனக்குத் தெரியும் அத்தா."

"எப்படி?"

"அவரே சொன்னாரு. போன்ல."

"போன்ல வேற பேசறீங்களா?"ன்னு பையனோட அம்மா மகனைக் கிள்ளினாங்க.

பையனோட அத்தா மறைக்காம சொல்லிட்டார். நான் மட்டும் உட்கார்ந்து நடிக்கிறது அசிங்கமா இருந்தது. இடம் போனா போகட்டும்னு உள்ளதைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் கறி சாப்பிடறதில்லை. காமாலை வந்ததுல இருந்து இறங்க மாட்டேங்குது. இருபத்திரண்டு வருஷம். அதான் கை வைக்கலை. வேற ஒண்ணும் இல்லை."

அவர் என்னையே பார்த்தார். போன வருஷமும் இந்தப் பேச்சுலதான் நின்னது.

"இதுக்கா பாய்?" நெஞ்சுல கை வெச்சுக்கிட்டார். "எனக்கு மூச்சே நின்னுடுச்சு! வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? நானா எல்லாத்தையும் கக்கிட்டேனே!"

பையனோட அம்மா சிரிச்சாங்க. "காமாலை யாருக்கு வரலை? இவருக்கே ரெண்டு வாட்டி வந்துச்சு. கறிய விட்டாரா பாருங்க. டாக்டர் வீட்டு வாசல்லயே எலும்பு கடிப்பாரு."

வீட்டுக்காரி முந்தானையை விட்டுட்டா.

அவர் சர்வரைக் கூப்பிட்டார். "பாய்க்கு சைவமா இன்னா இருக்கு?"

"இதுலயே மேல இருக்கற கறிய எடுத்துட்டா சைவம்தான் பாய்."

"உன் மூளைய எடுத்துட்டாங்களா? கறி படாதது சொல்லுப்பா."

சர்வர் யோசிச்சான். குபூஸ் ரொட்டி இருக்கு, தொட்டுக்க கொண்டக்கடலை அரைச்சது இருக்குன்னான். கொண்டு வந்தான். நல்லெண்ணெய் மாதிரி ஏதோ எண்ணெய் ஊத்தியிருந்தது. நல்லாத்தான் இருந்தது. மூணு ரொட்டி சாப்பிட்டேன். பையனோட அத்தாவும் ஒரு துண்டு பிச்சு என் கிண்ணத்துலயே தொட்டுப் பார்த்தார்.

"பரவால்ல பாய். ஆனா கறி கறிதான்."

தொடைக் கறிய பையன் பக்கம் தள்ளி விட்டேன். அவன் கூச்சப்பட்டான். அப்புறம் சாப்பிட்டான்.

"தேதி வைக்கலாமா பாய்?"

"வைங்க."

நோன்பு முடிஞ்ச அடுத்த மாசம்னு முடிவாச்சு. நல்லபடியா நடக்கணும்னு பாத்திஹா ஓதினோம்.

ஆட்டோவுல திரும்பும்போது வீட்டுக்காரி ஆரம்பிச்சா. "இத முதல்லயே சொல்லியிருந்தா இன்னா? எல்லாருக்கும் உசுரு போயி உசுரு வந்துச்சு."

"சொல்லாதன்னது நீதான்."

"நான் சொன்னா கேட்டுடுவீங்களா? எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா?"

மகள் வெளியே பார்த்துட்டு வந்தா. அவ கையில போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. எடுக்கலை. எங்க முன்னாடி எடுக்க வெட்கம்.

"எடு. விழுப்புரம் போய்ச் சேர்ந்தாங்களான்னு கேளு"ன்னேன்.

எடுத்தா.