திருப்பி அனுப்பத் தெரியாதவள்

எல்லாரும் சாப்பிட எழுந்து போன பிறகு, அம்சவேணி தன் டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர்கள் விட்ட தப்புகளைத் திருத்துகிறாள். ஏதோ வெளிநாட்டுச் சாலைப் படம். லாரிக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு பைக் நிற்கிறது. அதைச் சுற்றிக் கட்டம் போட யாரோ மறந்திருக்கிறார்கள். சட்டென்று போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறாள்.

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில், ஒரு மிளகுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ஆபீஸ். எது கார், எது லாரி, எது ஆள் என்று கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் கொடுக்கப் படங்களில் கட்டம் போடுகிற வேலை. மலையை விட்டு அதிகம் இறங்காத பெண்கள், கண்ணால் காணாத ஊர்களின் டிராபிக்கை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் கை வேகம் அம்சவேணிக்குத்தான். பொங்கல் முடிந்ததும் அவளை டீம் லீடர் ஆக்கிவிட்டார்கள். கட்டம் போடத் தெரிந்தவளுக்கு ஆட்களை வேலை வாங்கவும் தெரியும் என்று சேலத்து மேனேஜர் எதை வைத்து நினைத்தாரோ!

அது அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. தப்பான படத்தைக் கட்டம் போட்டவளுக்கே திருப்பி அனுப்ப ஒரு பட்டன் உண்டு. அதை அவள் தொட்டதே இல்லை. யார் கேட்டாலும், "பாத்துட்டனுங்க, எல்லாஞ் சரியா இருக்குதுங்க" என்று ஒரே பாட்டு. நேற்றுவரை ஒரே பஸ்ஸில் இடித்துக்கொண்டு வந்தவர்களிடம் வேறெப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் அவளும் அவர்களோடு வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். லீடரான பிறகும் போய்ப் பார்த்தாள். "வாங்க லீடரு" என்று நகர்ந்து இடம் விட்டார்கள், குழம்பும் ஊற்றினார்கள். பேச்சு மட்டும் நின்றுபோனது. நாலு நாள் பொறுத்துவிட்டு, "வேல கெடக்குதுங்க" என்று மேசையிலேயே தங்கிவிட்டாள். இப்போது பக்கத்து அறைச் சிரிப்பு கதவு வழியே வருகிறது. அதில் தன்னைப் பற்றியது எவ்வளவு என்று யோசித்து யோசித்தே பாவம், பசி அடங்கிவிடுகிறது.

போன வாரம் மேனேஜரே மலையேறி வந்து, அவள் திருத்துவதற்கு முந்தைய படங்களை எடுத்துப் பார்த்தார். சிக்கியவள் இளமதி. அம்சவேணியோடு ஒன்றாகப் படித்து ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள். இந்த மாதத்துக்குள் தேறாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இளமதி கத்தவில்லை. "இத்தன நாளும் நான் தப்பாத்தான் போட்டுட்டு இருந்தனா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா புள்ள?"

"நீ சங்கடப்படுவீன்னுதான் கண்ணு..."

"இப்ப மட்டும் இனிக்குதாக்கும். உன்ற நல்ல மனசால என்ற வேல போவப் போவுது."

அதோடு சரி. இருவருக்கும் பேச்சில்லை. அம்சவேணிக்கு அந்த ஆபீஸில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான்.

இன்றைக்கும் இளமதி கட்டம் போட்ட படம் ஒன்று வந்தது. மர நிழலில் ஒரு சைக்கிள் விடுபட்டிருந்தது. ஒரு கட்டம் போட்டால் யாருக்கும் தெரியாது. அம்சவேணியின் வலக்கை தானாக மவுஸுக்குப் போனது. பக்கத்து அறையில் இளமதி எதற்கோ சிரித்தாள். அம்சவேணி அந்தக் கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். பிறகு பழக்கமில்லாத இடக்கையால் தடுமாறித் தடுமாறி அந்தப் பட்டனை அமுக்கினாள்.