வாலாக ஓடிய லொரேன்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் புதன்கிழமை மாலை ஆறே காலுக்கு நூலக வாசலில் முப்பது பேர் கூடுவார்கள். அங்கிருந்து ஓடுவார்கள். ஓடிப்போய் ஏதாவது ஒரு பூங்காவிலோ ஓடைக்கரையிலோ முக்கால் மணி நேரம் முள் வெட்டுவார்கள், குப்பை பொறுக்குவார்கள், பாதையில் மரச்சிராய் பரப்புவார்கள். பிறகு அதே சேற்றுக் காலோடு ஓடித் திரும்புவார்கள். இதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. கொடுத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் லொரேன் ஆக்ராய்டுக்கு வால் உத்தியோகம். கடைசியாக ஓடுகிறவருக்கும் பின்னால் ஓடுவதுதான் வாலின் வேலை. ஒருவர் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் அவருக்குப் பின்னால் பளிச்சென்ற மஞ்சள் சட்டையில் லொரேன் வருவாள். ஆகவே நான்தான் கடைசி என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த ஏற்பாடு இல்லை. அப்போது புதிதாக வந்த ஒரு பெண்மணியை எல்லோரும் முந்திக்கொண்டு போய்விட, அவர் வழி தெரியாமல் மூன்று தெரு சுற்றி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். மறுபடி வரவே இல்லை. அவருக்கு அடுத்தபடியாக மெதுவாக ஓடியவள் லொரேன், அவளையே வாலாக நியமித்துவிட்டார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் உருளைக்கிழங்கு மசித்தும் கிடைக்காத பதவி உயர்வு மெதுவாக ஓடியதற்குக் கிடைத்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் புருஷன் க்ளைவ் பஸ் ஓட்டியவர். ஓடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "யாரு தொரத்துறாங்கன்னு இப்படி ஓடுறீங்க?" என்று வாரம் தவறாமல் கேட்பார். கேட்டுவிட்டு, அவள் திரும்பும் நேரத்துக்குச் சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் தட்டில் போட்டு மூடி வைத்திருப்பார். கிழங்கை அவரே மசிப்பார். அவளை அதைத் தொட விட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி டீ வாங்கப் போனவர் டீக்கடைக்குள்ளேயே விழுந்து இறந்துபோனார். நல்லவேளை, பஸ் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்று எல்லோரும் லொரேனுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

தார்ன்லி பூங்காவின் மேல்புறத்தில் ஒரு புல்வெளி. க்ளைவின் வழித்தடம் முடியும் இடம் அதன் வாசல்தான். மதியச் சாப்பாட்டை அவர் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அங்கே ஒரு நினைவு மரம் நட அனுமதி கேட்டு லொரேன் நகராட்சிக்கு எழுதினாள். பட்டியல் நிரம்பிவிட்டது, தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம் என்று பதில் வந்தது. பட்டியல் நிரம்புகிற அளவுக்கு ஊரில் ஆட்கள் போய்க்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதுவரை நூலகப் புத்தகத்தைக்கூட நாள் தாண்டித் திருப்பிக் கொடுத்தறியாதவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சந்தையில் வாங்கிய, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம் காய்க்கும் ரோவன் மரத்தின் கன்று ஒன்றையும், மார்ஜரின் டப்பாவில் க்ளைவையும் எடுத்துக்கொண்டு போனாள். குழி தோண்டி, சாம்பலை வேர்மண்ணோடு பிசைந்து நட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் போய் அந்த வாரத்து ஊர்க்கதையெல்லாம் சொல்லிவிட்டு வருவாள். கன்று இடுப்பளவு வளர்ந்தது.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். மார்ச் மாதக் கடைசி. கோடைக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த வாரம், அதனால் நல்ல வெளிச்சம். கூட்டத் தலைவன் சஃபீர் படிக்கட்டில் நின்று அன்றைய வேலையை அறிவித்தான். அவன் கணக்கு வாத்தியார். கையில் கடிகாரம் கட்டியிருக்கிறானா, கடிகாரம் அவனைக் கட்டியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. லொரேனோ வழக்கம்போல எல்லோருடைய போனையும் சாவியையும் கூடையில் வாங்கிப் பின்னறையில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஓடும்போது எதுவும் கிலுகிலுக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அறிவிப்பை அவள் என்றைக்கும் கேட்டதில்லை. வேலையை முன்கூட்டியே சொல்லும் மின்னஞ்சலையும் படித்ததில்லை. கூட்டம் போகிற இடத்துக்கு வால் போகும், இதில் படிக்க என்ன இருக்கிறது?

அன்று கடைசி ஆள் டீன் பிக்கில்ஸ். கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவன், நாற்பத்தாறு வயது, நூற்றிருபது கிலோ. "ஓடுறியா, இல்ல மாத்திரையைக் கூட்டட்டுமா" என்று டாக்டர் கேட்டதால் வந்திருந்தான். பாதி மேட்டில் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒரு சுவரில் உட்கார்ந்துவிட்டான். லொரேன் அவன் எதிரே நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா மூச்சு விடு தங்கம். அவசரமே இல்ல."

"அங்க போயும் வேலை செய்யணுமாமே," என்றான் டீன். "மேல் புல்வெளியில முழங்காலுக்கு மேல வளர்ந்த கன்னு ஒண்ணு விடாமப் பிடுங்கணும்னு மெயில்ல போட்டிருந்துச்சு. விட்டா காடாயிடுமாம், பட்டாம்பூச்சிக்கு ஆகாதாம்."

லொரேன் குதிப்பதை நிறுத்தினாள்.

"எந்தப் பூங்கான்னு போட்டிருந்துச்சு?"

"தார்ன்லி."

மற்ற நாளாயிருந்தால் பயமில்லை. வால் வந்து சேர்ந்து தலை எண்ணும்வரை யாரும் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. போன ஜனவரியில் உறைபனியில் எல்லோரும் பதினாறு நிமிடம் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "எங்களுக்காக ஏம்ப்பா நிக்கிறீங்க, நீங்க பாட்டுக்கு ஆரம்பிச்சிருங்க" என்று அந்த விதியை எடுக்கச் சொன்னது லொரேன்தான். எல்லோரும் கைதட்டினார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிகிறது.

"நீங்க வேணா முன்னால போங்களேன்," என்றான் டீன். அவள் முகம் போன போக்கு அவனுக்கே பயமாக இருந்தது.

"வால் முன்னால போகக் கூடாது தங்கம்."

"இங்க யாரு பாக்கப் போறா?"

"பாக்கறதுக்கு இல்ல. நீ பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிருவ. அப்புறம் வர மாட்ட."

டீன் மறுக்கவில்லை. பஸ் நிறுத்தத்தை ஏற்கனவே பார்த்து வைத்திருந்தான். "அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"என் புருஷன் இருக்காரு."

"வேலை செய்யவா வந்திருக்காரு?"

"செத்து ரெண்டு வருஷமாச்சு. அங்க நான் நட்ட ஒரு கன்னுக்கு அடியிலதான் வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது. இப்ப உனக்குத் தெரியும்."

டீன் குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டினான். பிறகு எழுந்து ஓடத் தொடங்கினான். பாவம், அதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கு அவமானம்; ஆனால் நிற்கவில்லை. தபால் நிலையத்தருகே ஒருமுறை, தேவாலயச் சுவரோரம் ஒருமுறை, "போதும், நடப்போம்" என்று லொரேனே சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை. அவளோ அவனுக்கு ஓர் அடி பின்னாலேயே, முந்தவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினாள். அந்த மேட்டில் அவள் அவ்வளவு வேகமாக ஓடியதே இல்லை. பூங்கா வாசலில் டீன் ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். எடுத்துக்கொண்டே கையை ஆட்டி அவளை உள்ளே போகச் சொன்னான். வாசல் தாண்டியாயிற்று, இனி விதி இல்லை. அவள் போனாள்.

புல்வெளி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நடுவில் ஒரு குவியல்.

"அறுபத்தொண்ணு!" என்று சஃபீர் கடிகாரத்தை உயர்த்திக் காட்டினான். "பதினெட்டு நிமிஷத்துல அறுபத்தொண்ணு, லொரேன்! இந்த வருஷத்துலயே இதான் அதிகம். நீங்களும் சீக்கிரம் வந்துட்டீங்க!"

லொரேன் நேரே தன் இடத்துக்குப் போனாள். சின்னக் குழி, சுற்றிலும் புது மண். இருபத்தெட்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். க்ளைவ் இறந்தபோதுகூட அவள் இப்படி அழுததில்லை. அப்போது வந்தவர்களுக்கெல்லாம் டீ போடவே நேரம் சரியாக இருந்தது.

விசும்பலுக்கு நடுவே கன்றின் கதையை அவர்களிடம் சொல்லி முடித்தாள். சஃபீர் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "நான்தான் சீக்கிரம் சீக்கிரம்னு கத்திட்டே இருந்தேன்," என்றான். "ஆனா இங்க... நீங்க சொல்லியிருக்கலாமே, லொரேன்."

"சொன்னா நம்ம கூட்டத்துக்கே கெட்ட பேரு. அனுமதி இல்லாம நட்டது."

"அது இருக்கட்டும்," என்றான் டீன். முகத்தைச் சட்டையில் துடைத்தபடி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். "இதுல எது அவரு?"

நல்ல கேள்வி. எல்லோரும் குவியலைப் பார்த்தார்கள். லொரேனும் எழுந்துபோய்ப் பார்த்தாள். இன்னும் துளிர் விடாத காலம். அறுபத்தொன்றும் குச்சி. ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். இரண்டு வருடம் ஞாயிறுதோறும் எதிரே நின்று ஊர்க்கதை பேசியிருக்கிறாள், பக்கத்து வீட்டு நாயின் ஆபரேஷன்வரைக்கும் சொல்லியிருக்கிறாள். இப்போது எது என்று தெரியவில்லை. மரம் போனதைவிட இதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கட்டின புருஷனை அடையாளம் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பூங்காக் காவலர் ஃபியோனா இவ்வளவு நேரமும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கன்றுகளைப் பிடுங்கச் சொன்னவளே அவள்தான். மண்டியிட்டுக் குச்சி குச்சியாக எடுத்து மொட்டைப் பார்த்து வகைவகையாகப் பிரித்தாள். "இது பிர்ச். இது முள்மரம். இது ரோவன்." கடைசியில் ரோவன் மட்டும் பத்தொன்பது தேறியது. அதற்குமேல் அவளாலும் முடியாது என்றாள்.

"இந்தப் புல்வெளியில திரும்ப வைக்க விட மாட்டேன்," என்றாள். "எனக்கும் மேல ஆளிருக்கு. ஆனா கீழ்ச் சுவரோரமா சும்மாதான் கிடக்கு. பத்தொம்பதையும் அங்க வெச்சிருங்க. துளிர்க்கறதுக்கு முன்னாடிங்கறதால பிழைக்கும். ஒண்ணு அவரா இருக்கும்."

"மத்த பதினெட்டு?" என்றான் சஃபீர்.

"பக்கத்து வீட்டுக்காரங்கன்னு வெச்சுக்குங்க."

இந்தக் கூட்டத்துக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியாது. ஆனால் குழி தோண்டு என்றால் தோண்டுவார்கள். அரை மணியில் பத்தொன்பதும் சுவரோரம் நின்றன. வரிசை கோணாமல் இருக்கவேண்டும் என்று சஃபீர் கயிறு பிடித்து அளந்தான். திரும்பும்போது யாரும் ஓடவில்லை; டீன் இருந்த நிலையில் ஓடுவதாவது. அடுத்த புதன்கிழமை அவன் வந்தான். லொரேன் அவனுக்குப் பின்னால் ஓடினாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இப்போது வேலை கூடிவிட்டது. எது என்று தெரியாததால் பத்தொன்பதிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் மரத்திடம் விவரமாகத் தொடங்குகிற கதை கடைசி மரத்துக்குப் போவதற்குள் நாலு வார்த்தையாகச் சுருங்கிவிடும். அதனால் ஒரு வாரம் இந்தக் கோடியிலிருந்தும் மறு வாரம் அந்தக் கோடியிலிருந்தும் தொடங்குவாள். ஒருவருக்கே ஓரவஞ்சனை ஆகிவிடக் கூடாதல்லவா.

ஆகஸ்டில் மூன்று வாரம் மழையில்லை. ஏழாவது மரம் காய்ந்துபோயிற்று. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள், பச்சை இல்லை. அது க்ளைவா, பக்கத்து வீட்டுக்காரரா, தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று அதனடியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மற்ற பதினெட்டுக்கும் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.