துண்டு போட்ட மீசைக்காரர்

விழுப்புரத்தில் சென்னைப் பேருந்தின் ஜன்னல் வழியாகக் கையிலிருந்த போர் நாவலைப் போட்டு இடம் பிடித்தேன். ஏறிப் பார்த்தால், அதன்மேல் துண்டைப் போட்டிருந்த மீசைக்காரர் ஒருவர் புத்தகத்தை என்னிடம் திணித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான்தாங்க மொதல்ல போட்டேன்."

"புக்கு போட்டா எடமாயிடுமா? துண்டு போட்டியா?"

நின்றபடியே படித்தேன். அவர் மீசையை நீவிக்கொண்டே, "இன்னா கதை?" என்றார்.

"சுதந்திரம் வாங்கினதும் நம்ம நாடு போட்ட மொத சண்டைங்க. எல்லைக்காக."

"எடத்துக்கா அடிச்சிக்கினு செத்தானுங்க? பேசித் தீத்துக்க வேண்டியதுதானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திண்டிவனத்தில் எழுந்தார். நான் நகர்வதற்குள் துண்டை இருக்கையில் விரித்து, கீழே நின்றவரைக் கூப்பிட்டார்: "மச்சான், ஜல்தி ஏறு. எடம் நம்மளுது."

நாவலில் வந்த தளபதிகள் யாரும் இப்போது நினைவில் இல்லை. அந்த மீசை மட்டும் போகமாட்டேன் என்கிறது.