வேட்டிக்குப் பின்னால் ஒரு காடு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்துக் கூட்டிப் பத்திரிகை படிப்பேன், சாமிப் பாட்டுப் புத்தகம் படிப்பேன், அவ்வளவுதான். அது ஒரு தயக்கம். இன்னொன்று, யாரைப் பற்றி எழுதப்போகிறேனோ அவருக்குத் தன்னை யாரும் 'ஐயோ பாவம்' என்று சொன்னால் பிடிக்காது. எழுதும்போது அந்தச் சொல் எங்காவது வந்து விழுந்துவிடுமோ என்று பயம். அம்மன் துணையிருக்க, அது வராமல் எழுதிப் பார்க்கிறேன்.

கண்ணை மூடினால் முதலில் வருவது ஒரு வேட்டி. பச்சைக்கரை போட்ட, என் வீட்டுக்காரருடைய வேட்டி. தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், அறை வாசலை மறைத்து அது திரைபோலத் தொங்குகிறது. அதன் மேல் வெளிச்சம் விழுந்து ஒரு காடு தெரிகிறது. கீழே இருக்கும் பச்சைக்கரை, காட்டுக்கு முளைத்த புல் மாதிரி இருக்கும்.

அந்த வேட்டிக்குப் பின்னால், அறைக்குள் கட்டிலில் இருந்தவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எழுபதுகளில் அவர் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தார். டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவார். எந்தத் தெரு எந்தப் பக்கம் பிரியும் என்று அவரைக் கேட்டுத்தான் எங்கள் குடும்பமே ஊரைச் சுற்றியது. பிறகு முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, கால்கள் வேலை செய்யவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் ஏழாவது மாடிக்குக் குடிவந்திருந்தோம். அந்தக் காலத்து அடுக்குமாடிகளில் லிப்டு எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் புளோக்கில், அதாவது எங்கள் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில் நிற்கும், அப்புறம் ஒன்பதாவதில்தான். நடுவில் இருக்கிறவர்கள் படியேற வேண்டும், இல்லை இறங்க வேண்டும். சக்கர நாற்காலியை ஆளோடு தூக்கி இரண்டு மாடிப் படியில் இறக்க நாலு பேர் வேண்டும். அண்டை வீட்டு ஆண்கள் தாங்களாகவே வந்து கேட்டார்கள். அண்ணி ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

"நாலு பேரு சேந்து என்னைத் தூக்குறது ஒரே ஒரு தடவைதான். அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

அதற்குமேல் யார் பேசுவது? நம் ஆட்களுக்கு நாலு பேர் என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர் கீழே இறங்கவேயில்லை. வந்தவர்கள் தன்னைப் பார்ப்பதையும் விரும்பவில்லை. நாளாக ஆக, சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவைக்க ஆரம்பித்தார். பேச்சும் குறைந்தது. அண்ணி என்றைக்குப் படி இறங்குகிறாரோ அன்றைக்கு உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் தாயே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் சிராங்கூன் சாலையில் ஒரு போட்டோ கடையில் வேலை பார்த்தார். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம். அதிகம் பேசாத மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு புக்கிட் தீமா காட்டுக்குப் போனார். அட்டைச் சட்டம் போட்ட குட்டிக் குட்டி பிலிம் படங்களோடு கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ஸ்லைடு என்றார். அதைச் சுவரில் பெரிதாகக் காட்டும் புரொஜெக்டர், பக்கத்து வீட்டு டீச்சர் மூலமாகக் கிடைத்தது. டீச்சர் எங்கள் தமிழர்தான், வேதக்காரர். மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பில் படம் காட்டுகிற இயந்திரத்தைச் சாமியாரிடம் சொல்லி வாங்கி வந்தார்.

அண்ணி கூடத்துக்கு வரமாட்டேன் என்றார். யாரும் அறைக்குள் வரக்கூடாது என்றார். அதனால்தான் வாசலில் வேட்டி. கூடத்தில் புரொஜெக்டர். டீச்சரும் புளோக்குப் பிள்ளைகளும் கூடத்தில் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மெல்லிய துணி என்பதால், பின்னால் கட்டிலில் இருக்கும் அண்ணிக்கும் படம் நன்றாகத் தெரியும். அண்ணி மட்டும் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்.

முதல் நாள் குரங்கு வந்தது, உடும்பு வந்தது, வாலில் இரண்டு இறகு தனியாகத் தொங்கும் ஒரு கறுப்புக் குருவி வந்தது. பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் துணிக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல்.

"டேய் தம்பி, இதெல்லாம் சரி. ரூட் எங்கடா? எங்க ஏறுனே, எங்க திரும்புனே? திடீர் திடீர்னு குரங்கு வந்தா நான் எங்க இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் அத்தனை நீளமாகப் பேசி மாதக்கணக்காகியிருந்தது. அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் மறுபடி போனார். காட்டுக்குள் ஏறிப்போகும் தார்ச்சாலையை அடிவாரத்திலிருந்து வரிசையாக எடுத்தார். கொஞ்சம் நடப்பார், ஒரு படம். வளைவு வந்தால் வளைவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதுவும் குந்தி உட்கார்ந்து, நாற்காலியில் இருக்கிறவர் பார்க்கும் உயரத்தில் எடுத்தார். அதை அடுக்கிக் காட்டியபோது அது படமாக இல்லை, போய்க்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. அண்ணி கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார். தட்டினால் அடுத்த படம். "மூங்கில் ஸ்டாப்பு. இறங்குறவங்க இறங்கலாம்" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தட்டில் சோறு மிச்சம் வருவது நின்றது.

அப்போதுதான் அந்த வாக்குவாதம் வந்தது. சாலை வளைகிற ஓர் இடத்தில் ஒரு பெரிய மரம். வேர்கள் சுவர்போல ஆள் உயரத்துக்கு நிற்கும்.

"இடப்பக்கம் எவ்வளவு பெரிய மரம் பாத்தீங்களா, கண்டக்டரம்மா" என்றார் டீச்சர்.

"வலப்பக்கம், டீச்சர்."

"இடப்பக்கம்மா."

"சோத்துக்கைப் பக்கம். நீங்க எந்தக் கையில சாப்புடுவீங்க?"

"இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்கு இடம் வலம் சொல்லிக் குடுத்தவ நான்."

"கேலாங்லேருந்து ஜூரோங் வரைக்கும் எந்த ஸ்டாப்பு எந்தப் பக்கம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன் லா. எனக்கேவா?"

ஒரு நாளில் முடியவில்லை அது. வாராவாரம் அந்த மரம் வந்ததும் இருவரும் ஆரம்பித்துவிடுவார்கள். தேநீர் எடுத்துக்கொண்டு துணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வருகிறவள் நான். இருவரும் என்னைச் சாட்சிக்கு இழுப்பார்கள். உள்ளே நின்று பார்த்தால் வலப்பக்கம்தான் தெரியும். வெளியே வந்தால் இடப்பக்கம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடம் வலம் குழப்பம்; கோயிலில்கூட முன்னால் போகிறவர் பின்னாலேயே சுற்றிவிடுவேன். என் புத்திதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, "மரம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவைப்பேன். என் வீட்டுக்காரர் குனிந்து புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு சாயங்காலம் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "அப்ப வாங்க, நேர்ல போய்ப் பாத்துடுவோம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. புரொஜெக்டரின் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் டம்ளரை ஏந்தியபடி வாசலோரம் நின்றேன். அண்ணி அழுகிறாரோ என்று துணிப்பக்கம் காதைக் கொடுத்தேன்.

"எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டது அண்ணியின் குரல்.

அவரே தொடர்ந்தார். "படுக்க வச்சுத் தூக்குனா வரமாட்டேன். நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கணும். மொகம் முன்னால பாத்து இருக்கணும்."

டீச்சர், "எங்க மாதாவைத் திருநாளுக்கு அப்படித்தான் தூக்கிட்டுப் போவாங்க" என்றார்.

"எங்க அம்மனையும் அப்படித்தான் டீச்சர். என்ன, ரெண்டு பேரும் என்னைவிட வெயிட் கம்மி." பிறகு, "தம்பி, அந்த வேட்டியை அவுத்து விடு. எத்தனை நாளைக்குத் தொங்கும்" என்றார்.

என் வீட்டுக்காரர் முடிச்சை அவிழ்த்தார். காடு சரிந்து தரையில் விழுந்தது. கட்டிலில் நரைத்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு அண்ணி எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

ஞாயிறு காலை நாலு பேர் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர், எதிர்வீட்டுச் சீன அங்கிள், கீழ்மாடி மலாய் அண்ணன் தம்பி இருவர். நான் முன்னால் போனேன், வாய் முழுக்க அம்மன் பெயர். படி வளைவுகளில் அண்ணி, "மெதுவா, வலது பக்கம் இடிக்குது, நேராக்கு" என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். அங்கிளின் காய்கறி வேனில் வெங்காயத்தாள் வாசனையோடு போய்ச் சேர்ந்தோம். சாலை மேலே ஏற ஏற மாற்றி மாற்றித் தள்ளினோம்.

அந்த வளைவு வந்தது. மரம் இடப்பக்கம் நின்றது.

டீச்சரும் நாங்களும் அண்ணியின் முகத்தையே பார்த்தோம். அவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், மறுபடி வலப்பக்கம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கியவர், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பஸ்ஸு நெத்தியில ஊர் பேர் எழுதின துணி இருக்கும்ல? உள்ளேருந்து பாத்தா எழுத்தெல்லாம் திருப்பித்தான் தெரியும். தெனம் பாத்தவ நான். என்னைத் துணிக்குப் பின்னாடி வச்சுக் காடு காட்டுனா, காடும் திரும்பித்தானே தெரியும். எனக்கு உறைக்கலையே."

"அப்ப நீங்க பாத்ததும் சரிதான்" என்றார் டீச்சர்.

"சரிதான். ஆனா மரம் உங்க பக்கம் நிக்குது, விடுங்க."

மரத்துக்கு அருகில் தள்ளச் சொன்னார். அந்த வேர்ச்சுவரில் உள்ளங்கையை வைத்தார். அந்த நேரம் பார்த்துச் சில்வண்டுகள் ஒரே மூச்சாகக் கத்த ஆரம்பித்தன. அண்ணி அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு சத்தம் போடுமாடா இது? படத்துல சொல்லவேயில்லையே" என்று தம்பியைக் கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரரிடம் தனியாகக் கேட்டேன், துணிக்குப் பின்னால் படம் திரும்பித் தெரிவது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று. "முதல் நாளே தெரியும்" என்றார். "சொல்லியிருந்தா அக்கா அன்னைக்கே வாயை மூடியிருக்கும்."

நான் பால்குடம் எடுத்தேன். அண்ணி கோயில் வாசல்வரை வந்து நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். அதற்குப் பிறகு அவரை வீட்டில் பிடித்துவைப்பதுதான் எங்களுக்கு வேலையாகிப்போனது. லிப்டு நிற்கிற ஐந்தாவது மாடியில் வீடு வேண்டும் என்று அவரே மனுக் கொடுத்து, அலைந்து வாங்கினார். காலம் நிறையக் கொடுத்து, அம்மன் அவரைச் சிரமமில்லாமல் அழைத்துக்கொண்டாள்.

இப்போது எல்லா மாடியிலும் லிப்டு நிற்கிறது. என் பேத்தி கைப்பேசியில் அதே காட்டை எனக்குக் காட்டுகிறாள். விரலால் தள்ளினால் இடமும் வலமும் திரும்புகிறது, வண்டுச் சத்தம்கூடக் கேட்கிறது. நல்ல காரியம்தான். படியிறங்க முடியாத யாரோ எங்கோ அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் குளிர்கிறது. அவர்களோடு சண்டை போட ஒரு டீச்சரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் படித்த நீங்கள் யாருக்காவது சொல்வீர்களானால், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணியை ஜெயிக்க வைத்துவிடாதீர்கள். மரம் இடப்பக்கம்தான் இருந்தது, அவர்தான் தோற்றார், தோற்றுச் சிரித்தார். அதை அப்படியே சொல்லுங்கள்.