கேரவனுக்குள் ஏறிய மழைநாள்

குன்னூரில் என் பட்டறைக்கு ஒரு பழைய கேரவன் வந்தது. அதன் சொந்தக்காரர் காட்டில் தங்கிக் காம்பிங் போவதற்குச் சரிசெய்து தரணுமாம். உள்ளே அடுப்படிப் பலகையைப் பெயர்த்ததும் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது.

இதே வாடையைக் கேரவனுக்குள் முதலில் முகர்ந்தபோது எனக்கு எட்டு வயசு. அம்மா கூலி வேலை பார்த்த எஸ்டேட்டின் மேனேஜர் ஏரிக்கரையில் இதே மாதிரி கேரவனை நிறுத்தி, விருந்தாளிகளோடு தங்கியிருந்தார். சமைக்க அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மழை வலுத்ததும் நானும் உள்ளே ஏறி, அம்மா கோழி வறுத்துக்கொண்டிருந்த மண்ணெண்ணெய் அடுப்போரம் ஒண்டினேன்.

“இந்தக் கூலிப் பயலை யாரு உள்ள விட்டது?” என்று மேனேஜர் கத்தினார்.

“தப்புதாங்க தொரை” என்ற அம்மா, எல்லார் முன்னாலும் என்னை அறைந்து மழையில் இறக்கிவிட்டாள்.

அவரை அன்றே வெறுத்தேன். அம்மாவையும்தான். அவள் செத்த பிறகும் அது குறையவில்லை.

சாயங்காலம் கேரவனின் சொந்தக்காரர் பட்டறைக்கு வந்தார். “எப்பங்க முடியும்?”

“முடியாதுங்க. எடுத்துட்டுப் போயிருங்க” என்றேன்.