பொங்கவேணும், ஆனா வழியப்படாது

கோயில் ஐயர் வேலை என்பது, வேட்டிக்கு மேலே பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு போய் மற்றவர்கள் வீட்டுக்கு லட்சுமியைக் கூப்பிட்டுக் கொடுக்கிற வேலை. கனடாவில், ஸ்காபரோவில் என்னோடு சேர்ந்து இந்தப் பாடு படுகிறவர்களுக்கும், எங்களைக் கூப்பிட்டுவிட்டு மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கிற உங்களுக்கும் நான் சொல்லப்போவது புதிதில்லை. எல்லாம் இலங்கையில் சண்டை முடிந்த வருஷத்துக் கதைகள்தான்.

புது வாகனம்

கோயில் பார்க்கிங்கில் பளபளவென்று ஒரு கறுப்புக் கார். ஏறி நசுக்க நாலு சில்லுக்கடியிலும் தேசிக்காய் வைத்தாயிற்று. தேங்காயும் உடைத்தாயிற்று. நான் சந்தனக் கிண்ணத்தோடு முன்பக்கம் போனதும் சொந்தக்காரர் ஓடிவந்து குறுக்கே நின்றார். பக்தி முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, சந்தனத்தைக் கண்ணாடியில மட்டும் வையுங்கோ. இது லீஸ் கார். திருப்பிக் குடுக்கேக்க பெயின்ற்றைப் பாப்பாங்கள்."

டைரக்டர் பதவி

மார்க்கம் நகரத்தில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பணம் கேட்டுச் சாமி கும்பிடுவது தனக்குப் பிடிக்காது, மனநிம்மதிக்காகத்தான் லட்சுமி பூசை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. பெயர், நட்சத்திரம் சொல்லி 'சகல ஐஸ்வரியமும்' என்று நான் இழுக்கும்போது மெல்லக் காதருகே குனிந்தார்.

"சாமி, பொதுவா சொல்லாதீங்க. டைரக்டர் பதவின்னு தெளிவா சொல்லுங்க. போன வருஷம் பொதுவா சொன்னதுல பக்கத்து சீட்டுக்காரனுக்குப் போயிடுச்சு."

புது அடுப்பு

எங்கள் கோயிலுக்கு வருகிற குகன் ரூஜ் என்ற இடத்தில் புது வீடு வாங்கியிருந்தார். குடிபூரலுக்கு நாள் வைத்துக் கொடுக்கப் போனேன். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும், அது பொங்கி வழிந்தால்தான் செல்வம் நிறையும் என்பது உங்களுக்குத் தெரியும். குகனுக்கும் தெரியும். ஆனால் அடுப்பு கண்ணாடி அடுப்பு. கீறல் விழாத அதன் முகத்தை அவர் கையால் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஐயா, பால் பொங்கவேணும். ஆனா அடுப்பில வழியப்படாது. அதுக்கு ஒரு வழி இல்லையோ?"

பூட்டிக் கிடந்த வீடு

குடிபூரலுக்கு ஒரு கிழமை முந்தி வன்னியில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. குகனின் மனைவி மலரின் தம்பி அங்கேதான் இருந்தான். இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் மலர் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பார். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் நாங்கள் அர்ச்சனை செய்வது. நானும் அவன் பெயரையும் நட்சத்திரத்தையும் விடாமல் சொன்னேன்.

குகன் எனக்கு ஃபோன் எடுத்தார். சாவுச் செய்தி காதில் விழாதவரைக்கும் தீட்டுத் துடக்கு இல்லைத்தானே, வைத்த நாளிலேயே குடிபூரலைச் செய்யலாமோ என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெக்ஸ்போர்ட்டில் அவர்கள் இருந்த பேஸ்மென்ட்டை மாத முடிவில் விடவேண்டும். சாஸ்திரப்படி அவர் கேட்டதும் சரி. ஆனாலும் நான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். அதற்குள் மலர் ஃபோனை வாங்கிவிட்டார். செல்வமெல்லாம் கடவுள் தருவது என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவன் நான். அதையே பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

"வீட்டைத் தந்துட்டு, அதுக்கு விலையா என்ர தம்பியை எடுத்துப்போட்டாரோ ஐயா? அப்பிடியெண்டா எனக்கு உந்த வீடு வேண்டாம்."

ராகுகாலம்

வீடு பூட்டியே கிடந்தது. பேஸ்மென்ட் சொந்தக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு இருவரும் அங்கேயே இருந்தார்கள். கோடை முடிகிற நேரம், ஒரு திங்கட்கிழமை காலை மலர் எனக்கு ஃபோன் எடுத்தார். ஒரே அழுகை. சாவுச் செய்தி என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவரின் ஃபோனில் தம்பி கதைத்திருக்கிறான். காலில் காயமாம், ஆனால் உயிரோடு இருக்கிறான். உடனே வாங்கோ, பால் காய்ச்சவேணும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் பழக்கதோஷம், இது ராகுகாலம் பிள்ளை என்று சொல்லிவிட்டேன்.

"தம்பியின்ர குரல் கேட்ட நேரத்தைவிட நல்ல நேரம் உங்கட பஞ்சாங்கத்தில இருந்தாச் சொல்லுங்கோ ஐயா."

பஞ்சாங்கத்தை வைத்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

புது வீட்டில் இருக்கக் கதிரைகூட இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, தம்பி சொன்னதையே மலர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் முதல்தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தோம். பால் பொங்கி, வழிந்து, கண்ணாடி முழுக்கப் பரவிக் கருகத் தொடங்கியது. பதறிப்போய் அணைக்கக் கை நீட்டினேன். குகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"விடுங்கோ ஐயா, வழியட்டும்."

அந்த அடுப்பை எப்படிச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அன்றிலிருந்து எந்த வீட்டில் யார் 'பால் வழியமுன்னம் அணையுங்கோ' என்று சொன்னாலும் எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.